வெயிலிலும் மழையிலும் கிடக்கும் மேசை நாற்காலிகள்: தேர்ந்தெடுப்பது முதல் பராமரிப்பு வரை முழுமையான வழிகாட்டி

மொட்டை மாடியிலோ வீட்டுத் தோட்டத்திலோ உட்கார மேசை நாற்காலி வாங்குகிறவர்களில் பலர் முதலில் கடைக்குப் போகிறார்கள். பிடித்ததை வாங்கி வந்த பிறகுதான் அதை எங்கே போடுவது என்று யோசிக்கிறார்கள். இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள் கால் உளுத்தோ, பற்ற வைத்த மூட்டில் துரு ஏறியோ, பின்னல் நொறுங்கியோ அது மாடிப்படிக்கு அடியில் போய்ச் சேர்கிறது. சென்னையில் கடற்கரைக்கு நடந்தே போகக்கூடிய தொலைவில் எங்கள் வீடு இருக்கிறது. பத்து ஆண்டுகளுக்கும் மேலாக எங்கள் மாடியிலும், கேட்டுக்கொண்ட உறவினர், நண்பர் வீடுகளிலும் இத்தகைய மேசை நாற்காலிகளைத் தேர்ந்தெடுத்துப் பராமரிக்கும் வேலையைச் செய்துவருகிறேன்.

பழுதான ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் பார்க்கும்போது காரணம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது: எங்கோ ஓரிடத்தில் தண்ணீர் தங்கியிருக்கிறது. மழையில் நன்றாக நனைந்து, அடுத்த இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும் மரம் பல ஆண்டு தாங்கும். அதே மரத்தின் ஒரு மூலையில் பத்து நாள் ஈரம் விடாமல் இருந்தால் அந்த மூலையிலிருந்துதான் அழிவு தொடங்கும். கீழே உள்ள படிகளின் வரிசை இதைக் கருதியே அமைந்தது. சென்னை முதல் தூத்துக்குடி வரையிலான கடலோர ஊர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். உள்மாவட்டங்களில் உப்புக்காற்று பற்றிய பகுதியை மட்டும் தளர்த்திக்கொள்ளலாம்.

1. கடைக்குப் போகும் முன் இடத்தைப் பாருங்கள்

இதற்கு ஓர் அளவு நாடா, ஒரு சாக்பீஸ், இரண்டு வாளித் தண்ணீர், வீட்டில் இருக்கக்கூடிய ஒரு முழு நாள் ஆகியவை போதும்.

காலை எட்டு மணிக்கும், நண்பகலிலும், மாலை நான்கு மணிக்கும் நிழலின் ஓரத்தைச் சாக்பீஸால் கோடிட்டு வையுங்கள். ஒரு நாள் கோட்டை வைத்து ஆண்டு முழுவதற்கும் முடிவு செய்துவிடக் கூடாது. சென்னையில் டிசம்பர் மாதச் சூரியன் தெற்கே நன்றாகச் சாய்ந்து செல்வதால், சுவருக்கு வடக்கே அகலமான நிழல் விழும். ஏப்ரல் கடைசியில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். அந்த நிழல் சுவரின் அடிக்குள் சுருங்கிவிடும். மார்கழியில் நிழலைப் பார்த்து மெத்தை வைத்த நாற்காலிகளைப் போட்டுவிட்டு, கத்திரி வெயிலில் துணி வெளுத்துப்போனதைக் கண்டு வருந்தியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, நாற்காலி போட நினைக்கும் இடத்தில் தண்ணீரைக் கொட்டி ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பாருங்கள். தண்ணீர் தேங்கி நிற்கும் இடத்தைச் சுற்றிக் கோடு போடுங்கள். அந்த வட்டத்துக்குள் எந்தக் காலும் வரக் கூடாது. மண் தரையாக இருந்தால் கால் படும் நான்கு இடங்களிலும் கல் பலகையோ சிமென்ட் கட்டையோ பதிக்க வேண்டியிருக்கும். மண்ணில் நேரடியாக நிற்கும் மரக்கால் தரை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கறையானுக்கும் அதுவே வழி.

மேலே நிமிர்ந்து பார்ப்பதையும் மறந்துவிடாதீர்கள். தென்னை மரத்தின் கீழ் இருக்கை போடவே கூடாது. காயும் மட்டையும் விழுவது உயிருக்கே ஆபத்து. மாமரத்தின் கீழ் நிழல் அருமையாக இருக்கும். ஆனால் பூக்கும் பருவத்தில் தத்துப்பூச்சிகள் விடும் பிசுபிசுப்பான நீர் மேசையெல்லாம் படிந்து, அதன் மேல் கரும்பூஞ்சை வளரும். அங்கே வாரம் ஒருமுறை கழுவ இயலும் என்றால் மட்டும் போடுங்கள்.

கடைசியாக, மாடிப்படியின் அகலத்தையும், படி திரும்பும் இடத்தின் அகலத்தையும், மாடிக் கதவின் அகல உயரத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஆறு பேர் அமரும் மேசை படித் திருப்பத்தில் சிக்கி, கயிறு கட்டி வெளிச்சுவர் வழியாக ஏற்றப்பட்டபோது கால் பிளந்ததை நேரில் கண்டிருக்கிறேன். பெரிய மேசை என்றால் கால்களைக் கழற்றி மாட்டும்படி இருப்பதையே கேளுங்கள்.

2. யார் உட்காரப் போகிறார்கள் என்பதை வைத்து அளவை முடிவு செய்யுங்கள்

சாப்பிடவும் எழுதவும் உதவும் மேசை 72 முதல் 75 செ.மீ. உயரமும், அதற்கான நாற்காலியின் இருக்கை 42 முதல் 45 செ.மீ. உயரமும் இருப்பது வழக்கம். வீட்டில் முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் இருந்தால் இருக்கை 45 செ.மீ.க்குக் குறையாமலும், இரு பக்கமும் உறுதியான கைப்பிடியோடும் இருக்க வேண்டும். தாழ்ந்த சோபா வகைகள் படத்தில் அழகாகத் தெரிகின்றன. அதில் அமர்ந்த பெரியவர் கை ஊன்றி எழ முடியாமல் தவிப்பார்.

நாற்காலிக்குப் பின்னால் குறைந்தது 75 செ.மீ. இடம் விடுங்கள். அவ்வளவு இருந்தால்தான் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்திருக்க முடியும்.

3. எந்தப் பொருளில் வாங்குவது

விலையை மட்டும் வைத்து இதை முடிவு செய்ய முடியாது. முதல் படியில் போட்ட கோடுகளைக் கையில் வைத்துக்கொண்டு கீழே உள்ளவற்றைப் படியுங்கள்.

தேக்கு: இதன் வைரப் பகுதியில், அதாவது மரத்தின் உட்புறக் கெட்டிப் பகுதியில், இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு, பூஞ்சையும் கறையானும் அதை எளிதில் அண்டுவதில்லை. அந்தக் குணம் வைரத்துக்கு மட்டுமே உரியது. அதே மரத்தின் வெளிச்சுற்றில் இருக்கும் வெளிர்நிறப் பகுதி, வெளியில் வைத்தால் சாதாரண மரத்தைப் போலவே உளுத்துவிடும். இளம் மரத்தில் வெள்ளைப் பகுதி கூடுதலாக இருப்பதால், ‘தேக்கு’ என்ற ஒரே சொல்லுக்குள் நல்லதும் கெட்டதும் அடங்கியிருக்கின்றன. எந்த நாட்டுத் தேக்கு என்று கேட்பதைவிட, வெள்ளை எவ்வளவு என்று பார்ப்பதே பயன் தரும்.

வேங்கையின் வைரமும் வெளியில் நன்றாகத் தாங்கும். ஆனால் நனைந்தால் மஞ்சள் சாயம் விடும். வேட்டியிலும் வெளிர்நிறத் துணியிலும் கறை படியும். ரப்பர் மரம், மாமரம், பிளைவுட் ஆகியவற்றில் செய்தவை எவ்வளவு நன்றாகப் பாலிஷ் போடப்பட்டிருந்தாலும் கூரைக்கு வெளியே போகக் கூடாது. பிரம்பும் அப்படியே, திண்ணைக்கும் வராந்தாவுக்கும் அது மிக நல்ல பொருள், திறந்த வெளிக்கு ஏற்றதன்று.

இரும்பு: கனமாக இருப்பதால் காற்றுக்கு அசையாது, பழுது பார்ப்பதும் எளிது. குழாயின் தடிமனைக் கேஜ் கணக்கில் சொல்வார்கள். எண் கூடக் கூடத் தகடு மெலியும். 16 கேஜ் சுமார் 1.6 மி.மீ., 18 கேஜ் சுமார் 1.2 மி.மீ. அதைவிட மெல்லிய குழாயில் துரு தொடங்கிவிட்டால் சுரண்டிச் சரி செய்ய எதுவும் மிஞ்சாது. கடலுக்கு மிக அருகில், ஆண்டுதோறும் பெயின்ட் வேலைக்கு இரண்டு நாள் ஒதுக்க முடியாதவர்கள் இரும்பைத் தவிர்ப்பது நல்லது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்: காந்தம் ஒட்டவில்லை என்றால் நல்ல ஸ்டீல் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. 202, 304 ஆகிய இரண்டு தரங்களிலுமே காந்தம் அநேகமாக ஒட்டாது. எனவே காந்தத்தால் இவற்றைப் பிரித்தறிய முடியாது. 202 வகையில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்திருப்பார்கள். கடலோரத்தில் அதில் பழுப்புப் புள்ளிகள் விரைவாக வரும். 304 வீட்டு உபயோகத்துக்குப் போதுமானது. கடலைப் பார்த்த வீடு என்றால் மாலிப்டினம் கலந்த 316 தரமே உப்பைத் தாங்கும். எந்தத் தரம் என்பதை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

அலுமினியம்: துருப்பிடிக்காது, எடை இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான். இந்த லேசான எடையே மாடியில் ஒரு குறையாகவும் ஆகிறது, அதைப் புயல் பகுதியில் சொல்கிறேன். அலுமினியச் சட்டத்தில் சாதாரண இரும்புத் திருகு போட்டிருந்தால் உப்பு ஈரத்தில் அந்தத் துளையைச் சுற்றி அரிப்பு ஏற்படும். ஸ்டெயின்லெஸ் திருகும், இடையில் நைலான் வாஷரும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

செயற்கைப் பின்னல்: தூரத்தில் எல்லாம் ஒன்று போலவே தெரியும். பாலிஎத்திலீன் இழையில் புற ஊதாக் கதிரைத் தாங்கும் பொருள் கலந்திருந்தால் வளைத்தாலும் கீறல் விழாமல் நிமிரும். மலிவான பிவிசி இழை ஓரிரு கோடையில் உலர்ந்து, நகத்தால் அழுத்தினாலே நொறுங்கும். பின்னலுக்கு உள்ளே இருக்கும் சட்டம் இரும்பா அலுமினியமா என்று கட்டாயம் கேளுங்கள். உள்ளே துருப்பிடிக்கும் இரும்பைப் பின்னலைப் பிரிக்காமல் பார்க்கவும் முடியாது, பெயின்ட் அடிக்கவும் முடியாது.

கல்: கிரானைட் பெஞ்சுக்குப் பராமரிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. எடையை மட்டும் கணக்கிட வேண்டும். ஐந்தடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டு அங்குலத் தடிமனுள்ள பலகை மட்டுமே ஏறக்குறைய 95 கிலோ இருக்கும். கல் கால்களும் அமர்பவர்களும் அதற்கு மேல். தோட்டத்தில் தாராளமாகப் போடலாம். மாடியில் போடுவதானால் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவரோ பீமோ இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். அது எங்கே என்று கட்டியவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பகல் முழுவதும் வெயில் படும் கல்லில் மாலை ஆறு மணிக்கும் உட்கார முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

என் தேர்வைக் கேட்டால், நிழலே இல்லாத மாடிக்குப் பவுடர் கோட்டிங் செய்த அலுமினியமும், மர நிழலுள்ள தோட்டத்துக்கு வைரத் தேக்கும் என்பேன்.

4. கடையில் கவிழ்த்துப் பாருங்கள்

மேல் பக்கத்தை எல்லோரும் நன்றாகவே செய்கிறார்கள். நாற்காலியைக் கவிழ்த்து வைத்துப் பார்க்கக் கடைக்காரரிடம் அனுமதி கேளுங்கள்.

மரமாக இருந்தால் முதலில் கால்களின் அடி வெட்டைப் பாருங்கள். மரத்தின் இழைகள் குழாய்களைப் போல நீளவாக்கில் ஓடுகின்றன. அவற்றின் வாய் திறந்திருக்கும் இடம் இந்த அடி வெட்டுதான். அங்கே பாலிஷோ அடைப்போ இல்லாமல் பச்சையாக விட்டிருந்தால், தரையில் உள்ள தண்ணீர் அதன் வழியாகத்தான் ஏறும். பிறகு இருக்கைப் பலகைகளின் அடிப்பக்கத்தையும் உட்புற ஓரங்களையும் பாருங்கள். பழுப்புக்கு நடுவே வெண்மஞ்சளாக ஒரு பட்டை ஓடினால் அது வெள்ளைப் பகுதி. மேலே நிறம் ஏற்றி மறைத்திருந்தாலும் அடியில் பெரும்பாலும் அப்படியே விட்டிருப்பார்கள். பலகைகளுக்கு இடையே அரை சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். நெருக்கி அடித்த பலகைகள் மழையில் உப்பி ஒன்றையொன்று தள்ளும், தண்ணீரும் வடியாது.

மூட்டுகளைக் கவனியுங்கள். ஒரு கட்டையின் முனையை நாக்குப் போலச் செதுக்கி மற்றொன்றின் துளையில் இறுகச் செருகிய இணைப்பே வெளியில் நிலைக்கும். ஆணியும் பசையும் மட்டுமே பிடித்திருக்கும் மூட்டு, மரம் ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுவிடும். இரும்பு ஆணி, திருகு இருந்தால் இன்னொரு கேடும் உண்டு: தேக்கில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடும் ஈரத்தோடும் சேர்ந்து, திருகைச் சுற்றி மை சிந்தியது போன்ற கறுப்பு வளையம் ஏற்படும். பித்தளையோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ மட்டுமே இருக்க வேண்டும்.

இரும்பானால், பற்ற வைத்த இடங்களை விரலால் தடவுங்கள். வளையம் முழுமையாக இருக்க வேண்டும். இரண்டு புள்ளிகளில் மட்டும் தொட்டு வைத்து, மீதியை மெழுகி மறைத்திருந்தால் அந்தப் பிளவு வழியாகக் குழாய்க்குள் தண்ணீர் இறங்கும். குழாயின் கீழ்முனையில் தண்ணீர் வெளியேறச் சிறு துளை இருப்பது நல்ல வேலைக்கு அடையாளம். குழாய்க்குள்ளும், கிண்ணம் போன்ற பிளாஸ்டிக் காலுறைக்குள்ளும் நிற்கும் தண்ணீர் துருவுக்கு மட்டுமல்ல, கொசுவுக்கும் இடம் கொடுக்கும்.

5. ஆசாரியிடம் செய்யச் சொல்வதானால்

நல்ல ஆசாரி கிடைத்தால் கடையில் வாங்குவதைவிட இதுவே சிறந்தது. ஐந்தடி நீளமுள்ள, சாய்வும் கைப்பிடியும் கொண்ட ஒரு பெஞ்சுக்கு ஏறக்குறைய இரண்டு கன அடி மரம் பிடிக்கும். கழிவுக்கு இன்னும் அரை கன அடி சேர்த்துக்கொள்ளுங்கள்.

மரக்கடைக்கு நீங்களும் உடன் போங்கள். காயாத பச்சை மரத்தில் செய்த பெஞ்சு முதல் கோடையிலேயே முறுக்கிக்கொள்ளும். ஒரே அளவுள்ள இரண்டு துண்டுகளில் ஒன்று மட்டும் கனமாகவும் தொட்டால் குளிர்ந்தும் இருந்தால் அது இன்னும் காயவில்லை. இயன்றால் ஈரமானிக் கருவி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 12 முதல் 15 சதவீதம் வரை சரி.

வேலை தொடங்கும் முன்பே மூன்றைச் சொல்லிவிடுங்கள்: சாதாரண வெள்ளைப் பசை கூடாது, தண்ணீர் தாங்கும் பசை வேண்டும்; இருக்கைப் பலகையின் மேற்பரப்பு சற்றே குவிந்தோ முன்பக்கம் சரிந்தோ இருக்க வேண்டும்; ஓரங்கள் கூர்மையாக இல்லாமல் உருண்டிருக்க வேண்டும். கூரான ஓரத்தில் எந்தப் பூச்சும் மெலிந்து நிற்பதால் முதலில் அங்கேதான் உரியும்.

6. வீட்டுக்கு வந்த அன்றே செய்ய வேண்டியவை

அன்று மாலையே உட்காரும் ஆசை எல்லோருக்கும் வரும். ஒரு நாள் பொறுங்கள். மரக்கால்களின் அடி வெட்டில் இரு பகுதியாகக் கலக்கும் எபாக்சிப் பசையைத் தடவி, கவிழ்த்த நிலையிலேயே இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். இந்த அரை மணி வேலை காலின் ஆயுளைப் பல ஆண்டு நீட்டிக்கும். பெயின்ட் அடித்து இரண்டு ஆண்டு பயன்படுத்திய பிறகு இதைச் செய்ய முற்பட்டால் உள்ளே ஏறிய ஈரத்தையும் சேர்த்து அடைத்துவிடுவோம்.

பிறகு ஒவ்வொரு காலுக்கும் தட்டையான ரப்பர் பாதம் பொருத்துங்கள். மாடியில் இது மிக அவசியம். கூரான உலோகக் கால் தட்டோட்டின் இடுக்கையும் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சையும் கீறிவிடும். நாற்காலியைக் காப்பாற்றிவிட்டுக் கூரை ஒழுகினால் என்ன பயன்?

திருகுகளை அன்றைக்கு ஒருமுறையும் இரண்டு வாரம் கழித்து ஒருமுறையும் இறுக்குங்கள். புதிய மரமும் புதிய இணைப்பும் வெயிலில் சற்றுத் தளர்வது இயல்பு.

7. வாரந்தோறும், மாதந்தோறும்

வாரம் ஒருமுறை இருக்கைகளைச் சாய்த்துத் தண்ணீரை வடியவிடுங்கள். குடையின் அடித்தளம், காலுறை, மேசை விளிம்பு ஆகியவற்றில் நீர் நிற்கிறதா என்று பாருங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். அதனால்தான் வாரக் கணக்கு.

கழுவுவதற்கு இரண்டு சொட்டு பாத்திரம் துலக்கும் திரவம் கலந்த தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். கடலோர வீடுகளில் உலோகப் பொருள்களைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது நல்ல தண்ணீரால் அலச வேண்டும். மழை படாத அடிப்பக்கத்தில்தான் உப்பு அதிகம் படியும். எனவே அடிப்பக்கத்தையும் அலசுங்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. ஆர்.ஓ. கருவியிலிருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்காமல் நாற்காலி கழுவப் பயன்படுத்துகிறார்கள். தண்ணீரைச் சேமிக்கும் எண்ணம் நல்லதே. ஆனால் அந்தத் தண்ணீரில் உப்பு செறிந்திருக்கிறது. உப்பைக் கழுவ உப்பையே ஊற்றுகிறோம். உவர்ப்பான போர் தண்ணீரும் வெள்ளைத் திட்டுகளை விடும். வேறு வழியில்லாவிட்டால் கழுவியவுடன் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

பறவை எச்சத்தைக் காய்ந்த நிலையில் சுரண்டாதீர்கள், பூச்சில் கீறல் விழும். ஈரத்துணியைப் பத்து நிமிடம் மேலே போட்டு வைத்தால் தானாக ஊறி வந்துவிடும். அதிவேகமாகத் தண்ணீர் பீய்ச்சும் கருவியை மரத்தில் பயன்படுத்த வேண்டாம். மென்மையான இழைகளை அது அரித்து எடுத்துவிடுவதால் மேற்பரப்பு வரிவரியாகி, அந்தப் பள்ளங்களில் அழுக்கும் ஈரமும் தங்கும்.

8. ஆண்டுக்கு ஒருமுறை: மரத்துக்கு எண்ணெய்

வேலையைத் தொடங்குவதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தேக்கு வெயிலில் சாம்பல் நிறமாவது மேற்பரப்பில் மட்டும் நடக்கும் மாற்றம். அது உளுத்துப்போனதன் அடையாளம் அன்று. அந்த நிறம் பிடித்திருந்தால் கழுவுவதோடு விட்டுவிடலாம். பழுப்பு நிறம் வேண்டும் என்பவர்களுக்கே கீழே உள்ள வேலை.

காலம்: வடகிழக்குப் பருவமழை முடிந்து மரம் நன்றாகக் காய்ந்த பிறகு, ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது. ‘மழைக்கு முன்’ என்று அவசரப்பட்டு அக்டோபரில், புழுக்கத்திலும் தூறலிலும் எண்ணெய் பூசினால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றிக் கரும்புள்ளிகள் தோன்றும்.

முதலில் கழுவி, மூன்று நாள் நிழலில் காயவிடுங்கள். பிறகு 80, 120, 180 என்ற வரிசையில் உப்புத்தாளால் இழை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். நேரே மென்மையான தாளுக்குப் போனால் சாம்பல் அடுக்கு போகாது. முரட்டுத் தாளோடு நிறுத்தினால் எண்ணெய் திட்டுத்திட்டாக இறங்கும். குறுக்கே தேய்த்த கீறல்கள் எண்ணெய் பட்டதும் பளிச்சென்று தெரியும். தூசியை ஈரமில்லாத துணியால் முழுவதும் துடைத்தெடுங்கள்.

எண்ணெய் எது? தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் காற்றில் உலர்ந்து இறுகாது. நல்லெண்ணெயும் சரியாக இறுகாமல் பிசுக்காகவே நிற்கும். தூசியைப் பிடித்து, சிக்கடித்து, எறும்பையும் பூஞ்சையையும் வரவழைக்கும். கடையில் ‘டீக் ஆயில்’ என்று விற்பது தேக்கிலிருந்து எடுத்ததன்று. பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெய் போன்ற உலரும் எண்ணெயும் வார்னிஷும் சேர்ந்த கலவை. வெளி உபயோகத்துக்கு என்று எழுதியிருப்பதையும், சிறிது நிறம் கலந்திருப்பதையும் தேர்ந்தெடுங்கள். நிறமி வெயிலை ஓரளவு தடுக்கும்.

மாலை வெயில் இறங்கிய பின், பஞ்சுத் துணியால் மிக மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து, மரம் குடிக்காமல் மேலே பளபளப்பாக நிற்கும் எண்ணெயை முழுவதும் துடைத்துவிட வேண்டும். புதியவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். ‘இன்னும் கொஞ்சம் குடிக்கட்டும்’ என்று விட்டுவிடுவதால் அது ஒட்டும் தோலாகிவிடும்; பிறகு உட்காருகிறவர்களின் உடையெல்லாம் பாழாகும். ஒரு நாள் இடைவெளி விட்டு இரண்டாம் பூச்சு. அடிப்பக்கத்துக்கும் அதே அளவு பூச்சு வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசிய பலகை ஈரத்தை ஒரு பக்கமாக உறிஞ்சி வளையும்.

எண்ணெய் துடைத்த துணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆளிவிதை எண்ணெய் உலரும்போது வெப்பம் வெளியாகும். துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அந்த வெப்பம் உள்ளேயே அடைபட்டு, நெருப்பு வைக்காமலேயே தீப்பிடிக்கக்கூடும். ஒருமுறை பிளாஸ்டிக் வாளிக்குள் நான் போட்டுவிட்ட துணிச்சுருளை அரை மணி கழித்து எடுத்தபோது உள்மடிப்பு கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது. அன்று முதல் இதை முதல் பாடமாகச் சொல்கிறேன். துணிகளை ஒற்றையாக விரித்துத் திறந்த வெளியில் உலர்த்துங்கள், அல்லது தண்ணீரில் முழுவதும் அமிழ்த்தி வையுங்கள்.

வார்னிஷ், மெலமைன், பிரெஞ்சு பாலிஷ் ஆகியவை வீட்டுக்குள் இருக்கும் மரத்துக்கு ஏற்றவை. வெளியில் அந்தப் படலத்தில் ஒரு கீறல் விழுந்ததும் தண்ணீர் அடியில் புகுந்து, மேலே கண்ணாடித்தாள் போல உரிந்து வரும். அப்போது மேலேயே இன்னொரு பூச்சு அடிப்பது வீண்; முழுவதையும் சுரண்டித்தான் மறுபடி தொடங்க முடியும்.

9. இரும்பில் துரு கண்டால்

ஒரு ரூபாய் நாணயம் அளவில் இருக்கும்போதே செய்துவிட்டால் ஒரு மணி நேர வேலை. மேல் பெயின்ட் உப்பியிருந்தால் அடியில் துரு கண்ணுக்குத் தெரிவதைவிடப் பரந்திருக்கும். எனவே உப்பலைச் சுற்றி இரண்டு அங்குலம் தள்ளியே சுரண்டத் தொடங்குங்கள். கம்பி பிரஷ், பிறகு எமரித் தாள், பளபளப்பான இரும்பு தெரியும்வரை. தின்னர் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்த உடனேயே பிரைமர் அடியுங்கள். கடற்காற்றில் ஒரு இரவு விட்டாலே சுரண்டிய இடத்தில் மீண்டும் செம்மை படரும். ரெட் ஆக்சைடு பிரைமர் போதும், துத்தநாகம் கலந்தது இன்னும் நல்லது. அதன் மேல் எனாமல் பெயின்ட் மெல்லிய இரண்டு பூச்சு, இடையில் ஒரு நாள்.

காலை பத்து மணிக்குள் அடித்துவிட்டால் மாலைப் பனி இறங்கும் முன் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்துவிடும். துருவின் மேலேயே பெயின்ட் அடிப்பவர்களும், ஜி.ஐ. எனப்படும் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயில் அதற்குரிய பிரைமர் இல்லாமல் எனாமல் அடிப்பவர்களும் அடுத்த ஆண்டு அதே வேலையை இரட்டிப்பாகச் செய்ய வேண்டிவரும்.

10. மெத்தை, குடை, உறை

மெத்தைகளை வெளியிலேயே விடாமல் மாலையில் எடுத்து உள்ளே வைக்கும் பழக்கம் வந்துவிட்டால் எந்தத் துணியும் நீடிக்கும். அது இயலாதவர்கள் இழையிலேயே சாயம் ஏற்றிய அக்ரிலிக் துணியும் தண்ணீர் வடியும் நுரையும் கேட்டு வாங்குங்கள். ரெக்சின் இந்த வெயிலில் வெடிக்கும்.

தார்ப்பாயால் இறுக்கிச் சுற்றி மூன்று மாதம் மூடி வைப்பது நன்மையைவிடத் தீமையே செய்கிறது. உள்ளே புழுங்கும் ஈரத்தில் பூஞ்சை பூக்கும். கீழே ஒரு சாண் இடைவெளி விட்டுக் காற்றோடும்படி மூடுங்கள். உறையின் நடுவில் தண்ணீர் குளமாகாமல் இருக்க அடியில் ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்துக் கூம்பாக்கலாம்.

11. புயல் எச்சரிக்கை வந்தால்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது எங்கள் பக்கத்து மாடி நாற்காலி ஒன்று இரண்டு வீடு தள்ளி ஒரு காரின் மேல் கிடந்தது. அந்த நேரத்தில் தெருவில் யாரும் இல்லாதது நல்வாய்ப்பு. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் மாடியில் வைத்திருப்பவர்கள் இந்தப் பொறுப்பையும் சேர்த்தே ஏற்கிறோம்.

எச்சரிக்கை வந்த நாளே தொடங்குங்கள். காற்று எழுந்த பின் மாடிக்குப் போகக் கூடாது. முதலில் குடையையும் மேசையின் கண்ணாடியையும் உள்ளே கொண்டுபோங்கள். பிறகு ஒருவர் தூக்கக்கூடிய எல்லாவற்றையும் மாடிப்படி அறைக்குள் அடுக்குங்கள். இடமில்லாத பெரிய மேசையைக் கவிழ்த்துத் தரையோடு படுக்க வைத்து, கான்கிரீட் தூணில் கயிற்றால் கட்டுங்கள். தண்ணீர்த் தொட்டியின் குழாயிலோ சோலார் பேனலின் சட்டத்திலோ கட்டினால் அதையும் சேர்த்துப் பிடுங்கிவிடும்.

புயல் ஓய்ந்த மறுநாள், மின்கம்பி எதுவும் அறுந்து விழவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு, எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். கடற்காற்று கொண்டுவந்து அப்பிய உப்பு, திருகுத் துளைகளிலும் மூட்டு இடுக்குகளிலும் இருக்கும். மரச் சாமான்களை நிழலில் சாய்த்து வைத்து ஒரு வாரம் காயவிட்டு, திருகுகளை மீண்டும் இறுக்கிய பிறகு பழைய இடத்தில், சாக்பீஸ் வட்டத்துக்கு வெளியே போடுங்கள்.